எடுத்துக்கோ, உன்னோடதுதான்

சாமான் வண்டி நுழையாத சந்து அது. ரபாப் தன் குடித்தனத்தைத் தலையிலும் இடுப்பிலுமாகச் சுமந்துதான் அந்த வீட்டுக்குள் கொண்டு வந்து சேர்த்தாள். ரஷீத் நகரத்துப் பழைய வீடு. சிவப்புச் செங்கல் ஒரு வரிசை, கறுப்புச் செங்கல் ஒரு வரிசை என்று கட்டிய சுவர்கள். ஜன்னலைத் திறந்தால் நைல் நதி. கணவன் அவத் மீன்பிடிப் படகில் போய்ப் பதினைந்து நாளாகிவிட்டது; திரும்பி வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அவளுக்குத் துணை நாலு வயது மகள் ரிதாஜ், கூண்டில் ஒரு மஞ்சள் குருவி, கையில் ஒரு போன்.

பெரிய அறையின் வடக்குச் சுவரோரம் மட்டும் எப்போதும் ஒரு வாடை இருந்தது. ஆற்றுச் சேறும் நனைந்த துணியும் கலந்த வாடை. தரையை மூன்று முறை கழுவியும் போகவில்லை.

"பழைய வீடுன்னா அப்படித்தான்டி. ஒரு வாரத்துல மூக்குக்குப் பழகிடும்," என்றாள் மாடியில் குடியிருக்கும் இன்ஷிராஹ். ஐம்பதைத் தாண்டிய விதவை. ஊர்க்கதை அத்தனையும் அவள் தலைத்துணி முனையில் முடிந்திருக்கும்.

வாடையை ரபாப் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு வேண்டியது வெளிச்சம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த அறைக்குள் தேன் நிறத்தில் வெயில் விழும். ஊறுகாய் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்தால் போதும், முகம் பளிச்சென்று தெரியும். அவள் இரட்டைத்திரை வீடியோ போடுகிறவள். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவர் இடது பாதியில் பேசி, நடுநடுவே இடைவெளி விட்டுப் போட்டிருப்பார். வலது பாதியை யார் வேண்டுமானாலும் எடுத்து, அந்த இடைவெளிகளில் பதில் சொல்லி நிரப்பலாம். பார்க்கிறவர்களுக்கு இருவரும் நேருக்கு நேர் பேசுவது போலவே இருக்கும். சரியான இடைவெளியில் சரியான நக்கலைச் செருகுவதில் ரபாபை மிஞ்ச ஆள் கிடையாது. புருஷன் கடலில் இருக்கும் வீட்டில் பேச்சுத்துணைக்கு அவளிடம் வேறு என்ன இருந்தது?

ஒரு நாள் அவள் கண்ணில் அந்த இடது பாதி பட்டது. போட்டவர் பெயர் இல்லை. மங்கலான ஒரு சுவரை ஒட்டி, கறுப்புத் தலைத்துணி போட்ட பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, ரொம்ப அழகா இருக்கு," என்று மெல்லச் சொன்னாள். அவள் பார்வை வலது பக்கம் சாய்ந்து எதையோ தேடி நின்றது. ஐந்து எண்ணும் நேரம் மௌனம். பிறகு, "நிஜமாவா?" மறுபடி மௌனம். கடைசியில், "சரி."

ரபாபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரஷீத்தில் ஒருத்தி உன் வளையலை அழகு என்றால், கழற்றி நீட்டி, 'எடுத்துக்கோ, உன்னோடதுதான்' என்று சொல்ல வேண்டும். அவள் பதறிப்போய், 'ஐயோ, உன் கைக்குத்தான் அது பொருத்தம்' என்று சொல்ல வேண்டும். இரண்டும் உதட்டோடு சரி. நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைப் பார்த்து, "வா, சாப்பிடலாம்!" என்று கூவுவான். அதற்குப் படகுக்காரன் விருந்து என்றே பெயர். அந்த வாய் உபசாரத்தை நிஜமென்று நம்பி 'சரி' என்று சொல்லும் அப்பாவி. இதைவிட நல்ல வேடிக்கை எங்கே கிடைக்கும்?

பூப்போட்ட பீங்கான் கோப்பையை நீட்டி ரபாப் வலது பாதியைப் பிடித்தாள்.

"எடுத்துக்கோடி, உன்னோடதுதான்!"

"நிஜமாவா?"

"உனக்கு இல்லாததா? கொண்டு போடி!" என்று பார்க்கிறவர்களுக்காகக் கண்ணைச் சிமிட்டினாள்.

"சரி."

மறுநாள் விடிவதற்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ரபாபுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் டீ போடப் போனபோது அலமாரியில் அந்தக் கோப்பையைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. ரிதாஜ் உடைத்து ஒளித்துவிட்டாள் என்று அவளுக்கு இரண்டு அடி வைத்தாள்.

அதே பெண் இன்னொரு பாதி போட்டிருந்தாள். "அந்த நீலத் தலைத்துணி ரொம்ப அழகா இருக்கு." ரபாப் அன்று நீலம்தான் கட்டியிருந்தாள். எல்லாரிடமும் ஒரு நீலத்துணி இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்கும் பதில் போட்டாள்; ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். கொடியில் காயப்போட்ட துணி மறுநாள் இல்லை.

மூன்றாவது, குருவி.

பதிலைச் சொல்லும்போதே அவளுக்கு நாக்கு லேசாக ஒட்டியது. ஆனாலும் சொன்னாள். பார்வை எண்ணிக்கை ஏறுகிற போதை அப்படி. காலையில் கூண்டுக் கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே குருவி இல்லை. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. அதில் ஆற்றுப் பாசி மிதந்தது.

அன்று மத்தியானம் இன்ஷிராஹ் தட்டில் சோறும் பொரித்த மீனும் கொண்டு வந்தாள். ரபாப் நடந்ததைச் சொல்லிப் போனை நீட்டினாள். இன்ஷிராஹ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவள், சட்டென்று போனைத் தூரமாகப் பிடித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லயா எடுத்தீங்க?"

"என்னக்கா சொல்ற?"

"இந்த விரிசலைப் பாரு."

ரபாபுக்குப் பின்னால் சுவரில் ஓடிய விரிசல், திரையின் நடுக்கோட்டைத் தாண்டி இடது பாதிக்குள் போயிருந்தது. ஒரே விரிசல். சிவப்பு வரிசையோடு சிவப்பும், கறுப்போடு கறுப்பும் பிசகாமல் சேர்ந்தன. அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது வடக்குச் சுவரோரம்.

"யாருக்கா இவ?"

இன்ஷிராஹ் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"தஹானி. உனக்கு முன்னாடி இங்க இருந்தவ. பாலைவனத்துப் பக்கம் பொறந்து வளர்ந்தவ. அவங்க ஊர்ல ஒரு வார்த்தை குடுத்தா குடுத்ததுதான். இங்க யாராவது 'எடுத்துக்கோ'ன்னா, எடுத்துட்டுப் போயிடுவா. 'வா சாப்பிடலாம்'னா, வந்து உக்காந்துடுவா. தெருவே சிரிக்கும். ஒருநாள் அஸர் நேரம். ஆத்துல போன படகுக்காரனுங்க அவளைப் பார்த்து, 'வா, சாப்பிடலாம்'னு கூவினானுங்க. அவ செருப்பைக் கழட்டி வச்சுட்டு, ஆத்துல இறங்கி நடந்தா."

"யாரும் தடுக்கலையா?"

"முட்டி வரைக்கும் போய்த் திரும்பிடுவான்னு நினைச்சோம். கரையில நின்னு எல்லாரும் சிரிச்சோம். ஒருத்தி அதைப் போன்ல வீடியோ வேற எடுத்தா."

"யாரு எடுத்தது?"

இன்ஷிராஹ் மீன் தட்டை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று ரபாப் போனை எடுத்தாள். முதல் வீடியோ தானாக ஓடத் தொடங்கியது.

"தங்கச்சி, குழந்தை ரொம்ப அழகா இருக்கு."

முன்பு அப்படிச் சொல்லவில்லை.

வலது பாதியில் ரபாப் சிரித்துக்கொண்டே இருந்தாள். அது அவளே பிடித்தது, அவள் குரல், அவள் பல். "எடுத்துக்கோடி, உன்னோடதுதான்!"

"நிஜமாவா?"

"உனக்கு இல்லாததா? கொண்டு போடி!"

கண்சிமிட்டல்.

"சரி."

அழித்தாள். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் அதை நகலெடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். எதைத் தொட்டாலும் அவளே சிரித்தாள், அவளே கொடுத்தாள். பக்கத்து அறையில் ரிதாஜ் பொம்மைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு நின்றது.

ரபாப் ஓடினாள். பாயில் பொம்மை கிடந்தது. தரையில் ஈரக் காலடிகள், பெரியவை, வடக்குச் சுவரிலிருந்து பாய் வரைக்கும். பாயிலிருந்து சுவருக்குத் திரும்பிய தடத்தில் பெரிய பாதத்தோடு ஒரு சின்னப் பாதமும் இருந்தது.

சந்து முழுக்கத் தேடியது. படகுக்காரர்கள் வலை வீசிப் பார்த்தார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ரபாப் சுவரை நகத்தால் பிராண்டினாள். விரல் நுனிகள் கிழிந்தன. செங்கல் செங்கலாகவே இருந்தது.

மறுநாள் அஸர் வெயில் அறைக்குள் விழுந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தொழில் தெரிந்தவளுக்குத்தான் அது வரும். இத்தனை நாள் அவள் வலது பாதி, பதில் சொல்கிறவள். இப்போது அவளே இடது பாதியை எடுத்தால்? அவளே முதலில் புகழ்ந்தால்? புகழ்ந்ததைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். அதுதானே ஊர் வழக்கம்.

ஜாடியில் போனைச் சாய்த்தாள். திரை இரண்டாகப் பிரிந்தது. வலது பாதி கறுப்பாக இருந்தது.

"தஹானி அக்கா," என்றாள். "உன் மடியில இருக்குற குழந்தை ரொம்ப அழகா இருக்கு."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

கறுப்பு விலகியது.

சுவர். பாய். நீலத் தலைத்துணியில் தஹானி. பக்கத்தில் பூப்போட்ட கோப்பை, தோளில் மஞ்சள் குருவி. மடியில் ரிதாஜ் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஆமா, அழகுதான்," என்றாள் தஹானி.

ரபாப் காத்திருந்தாள். அடுத்த வார்த்தை வர வேண்டும். பிறந்த குழந்தைகூட இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லும். தஹானி சொல்லவில்லை. குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுச் சும்மா இருந்தாள். கொடுக்க மனமில்லாததை 'எடுத்துக்கோ' என்று சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

"அக்கா, அது என் குழந்தை," ரபாப் கதறினாள். "நான் சும்மா சொன்னேன்கா. சிரிக்கிறதுக்காகச் சொன்னேன். வாய் வார்த்தைக்கா அது."

"சும்மாவா?" தஹானியின் முகத்தில் கோபம் இல்லை. புரியாமை மட்டும் இருந்தது. "படகுல இருந்தவங்களும் சும்மாதான் கூப்பிட்டாங்களா?"

ரபாப் போனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தஹானி கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். ஒரு ஆள் உட்காரும் இடம்.

"நான் சும்மா சொல்லமாட்டேன் தங்கச்சி. நீயும் வா. சாப்பிடலாம்."

ரிதாஜ் தூக்கத்தில் "அம்மா" என்று முனகினாள்.

ஆயுசில் எத்தனையோ பேர் ரபாபைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவள் மனசாரப் பதில் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றி வைத்தாள்.

"வரேன்கா," என்றாள்.

மறுநாள் இன்ஷிராஹ் கீழே வந்து பார்த்தபோது கதவு திறந்தே கிடந்தது. வடக்குச் சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு. ஜாடியில் சாய்ந்த போனில் வெளிச்சம் இருந்தது. திரையின் இடது பாதியில் அந்த அறை வெறுமையாக இருந்தது. வலது பாதியில் பாய் விரித்து, நடுவில் சோற்றுத் தட்டு வைத்து, ரபாப் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். உடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தி, நேராக இன்ஷிராஹைப் பார்த்தாள்.

"வாக்கா, சாப்பிடலாம்."

ஐம்பது வருஷப் பழக்கம். மூளை தடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இப்பதான் சாப்பிட்டேன்டி. இன்னொரு நாள் கண்டிப்பா வரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கையால் வாயைப் பொத்தினாள். ஜன்னல் வழியாகப் போனை நைலில் வீசியெறிந்துவிட்டு, விழுந்தடித்துப் படியேறித் தன் வீட்டுக்கு ஓடினாள். கதவைத் தாழ் போட்டாள்.

சமையல்கட்டில், உப்பு ஜாடி ஓரமாக, அவளுடைய போன் இருந்தது. தஹானி ஆற்றில் இறங்கி நடந்ததைப் படம் பிடித்த அதே போன். அதன் திரை விழித்து, இரண்டாகப் பிரிந்தது.

இடது பாதியில் இன்ஷிராஹ், கையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள்.

வலது பாதியில் தஹானி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"எந்த நாள்?" என்று கேட்டாள்.