ஒன்பது சிலுவைகள்

போன் அலறியது.

ஒரு தடவை... இரண்டு தடவை... ஏழாவது தடவை!

அடுத்த அறையில் கசக்கிய பேப்பரால் ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி செலஸ்ரீனா எட்டிப் பார்த்தாள். பேராசிரியர் கசேல்லா நாற்காலியில் சாய்ந்திருந்தார். இன்னும் தூக்கம்தானோ? தோளைத் தொட்டாள்.

ஐஸ்!

"மடு மாதாவே!"

அந்த அலறலில் கால்சா தெருவின் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

மேசையில் இன்சுலின் போத்தல். நேற்றுத்தான் வாங்கியது... ஒரு சொட்டு மிச்சமில்லை!

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் எதிரே நின்றார்.

"தினமும் ஊசி போடுவது நீதானே?"

"ஓம் ஐயா, ஒன்பது மணிக்கு. இண்டைக்குப் பாண் வாங்கிக்கொண்டு வரப் பிந்திட்டுது. வந்து பாத்தா நித்திரை. எழுப்பேல்லை... நான் போடேல்லை ஐயா!"

"வேறு யார் வந்தது?"

"தெரியாது..."

"அப்படியானால் நீதான்!"

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, முடிகிறது. வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. இவள் சிறைக்குப் போனால் அதற்குப் பால்?

மூலையில் நின்று கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார் சால்வோ. எழுபது வயதுப் பத்திரிகையாளர். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன், 1952-இல், 'காசநோயை வென்ற மேதை!' என்று முதல் பக்கத்தில் எழுதிக் கசேல்லாவை உச்சியில் ஏற்றியவர். அதே ஏணியில் தானும் ஏறிக்கொண்டவர். படத்தில் பன்னிரண்டு அநாதைப் பிள்ளைகள்... புது மருந்தால் பிழைத்தவர்களாம்!

"ஒரு வாரமாக இந்தப் பக்கமே நான் வரவில்லையே, நண்பா!" என்று விம்மினார்.

செலஸ்ரீனாவுக்குப் பொறி தட்டியது.

"ஐயா! முந்தநாள் பேராசிரியர் சொன்னவர். அந்த மருந்து வேலை செய்யேல்லையாம். செய்தி அச்சிலை வரேக்கையே ஒன்பது பிள்ளையள் செத்திட்டுதுகளாம். எழுதினவருக்கும் தெரியுமாம்! பழைய பேப்பரிலை ஒன்பது முகத்துக்கும் சிலுவை போட்டு, கையெழுத்தும் வைச்சு, உலகத்துக்குச் சொல்லப்போறாராம்!"

"வேலைக்காரியின் கட்டுக்கதை!" சால்வோ சீறினார்.

"அந்தப் பேப்பரைக் கொண்டுவா," என்றார் இன்ஸ்பெக்டர். "அரை மணி நேரம். இல்லையென்றால் விலங்கு!"

குசினிக்கு ஓடினாள். ரயில் ஸ்தாசியோனே பக்கத்து ஹோட்டலில் கோப்பை கழுவிய ஈரக்கையோடு வந்து சேர்ந்திருந்தான் புருஷன் அருளையா. இருவரும் தேடினார்கள். திடீரென்று நின்றாள். அவன் காதில் கிசுகிசுத்தாள்.

அருளையாவின் முகம் செத்த மீனாகியது.

"எடியே... இனி என்னடி செய்யிறது?"

"பேரம் பேச வாய் போதும். நீங்கள் இன்ஸ்பெக்டரைக் கதவுக்குப் பின்னாலை நிப்பாட்டுங்கோ!"

படிக்கட்டில் நழுவப் பார்த்த சால்வோவை மறித்தாள்.

"சிஞ்ஞோர், பேப்பர் என்னட்டை இருக்கு."

"பொய்!"

"விருப்பமில்லையெண்டா விடுங்கோ. கேக்க ஆள் இருக்கு."

திரும்பி இரண்டடி வைத்தாள். சந்தையில் வாயை விடக் கால்தான் நல்ல பேரம் பேசும்!

"நில்! என்ன வேண்டும்? பெர்மெஸ்ஸோவா? வேலை தருவதாக நான் கையெழுத்துப் போடுகிறேன்!"

"அவசரப்படாதேங்கோ. வீட்டிலை வேறை பிரதியும் கிடந்தா?"

"கிடக்காது! பெட்டியில் இல்லை, மேசையில் இல்லை, அவன் மெத்தைக்கு அடியிலும் இல்லை. காலையில் எல்லாம் கிளறி..."

நாக்கைக் கடித்தார்.

பிந்திவிட்டது!

"காலமையோ? ஒரு கிழமையா வரேல்லை எண்டியள்?"

"வந்தேன்! நாற்பது வருஷப் பெயரை ஒரே நாளில் நாசமாக்கப் பார்த்தான். 'இன்றைக்கு ஊசியை நான் போடுகிறேன்' என்றேன்... குழந்தை மாதிரிக் கையை நீட்டினான்! கொடு அதை!"

அவர் விரல்கள் அவள் கழுத்தைத் தேடி வந்தன.

கதவு படாரென்று திறந்தது. விலங்கு 'க்ளிக்' என்றது.

காவலர்கள் சால்வோவை இறக்கிக்கொண்டு போனபின் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"சரி, பேப்பர்?"

செலஸ்ரீனா வாளியைக் காட்டினாள். உள்ளே சாம்பல் நிறக் கூழ். ஒரு கந்தலில் மை கலைந்த ஒற்றைச் சிலுவை.

"குசினி மேசையிலை கிடந்தது ஐயா. குப்பை எண்டு நினைச்சு, பாணுக்குப் போக முந்தி வாளிக்குள்ளை போட்டிட்டன். வந்து கண்ணாடி துடைச்சிட்டன்..."

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அருளையா ஜன்னலைப் பார்த்தான். பளிங்கு! துறைமுகம் வரை தெரிந்தது.

"அவளை ஏசாதேங்கோ ஐயா. நாப்பத்தொரு வருஷத்திலை அந்தப் பேப்பர் உள்ளதை உள்ளபடி காட்டினது இண்டைக்குத்தான்!"