தேனீக்களுக்குச் சொன்ன சேதி

பின்வாசல் பூட்டுக்குள் சாவி நுழைய மறுத்தது. கோழிகளை அடைக்கப் போகும்போது இதே சாவியால் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள் மேவிஸ். திரும்பி வருவதற்குள் துவாரம் அடைபட்டிருந்தது. முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பழுப்பாக ஏதோ பளபளத்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். ஊசியிலை மரப்பட்டையும் பழைய மெழுகும் கலந்த வாசனை. தேனீப் பிசின்.

மரமொட்டுகளிலிருந்து தேனீக்கள் சுரண்டி வந்து, பெட்டியின் சந்துபொந்துகளைப் பூசி அடைக்கிற பிசின் அது. கோடை முழுக்க அவள் புருஷன் கிளெமின் விரல்களில் ஒட்டியிருக்கும், தலையணை உறையில்கூட அந்த வாசனைதான் அடிக்கும். ஆனால் இது டிசம்பர். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயர் சரிவுகளில் காலையில் படிந்த உறைபனி மாலைவரை புல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. இந்தக் குளிரில் ஒரு தேனீ வெளியே தலை நீட்டினால் நாலு அடி பறப்பதற்குள் விறைத்து விழுந்துவிடும். மேவிஸுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் திரும்பிப் பார்த்தது ஆப்பிள் தோப்பின் கோடியில் வரிசையாக நின்ற வெள்ளைத் தேனீப் பெட்டிகளைத்தான்.

முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில், கணப்படுப்பு ஓரத்து நாற்காலியில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளெம் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறான்.

"என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனியா, கிழவி?"

"பின்ன? கண்ணு அசந்தா தோப்புப் பக்கம் ஓடிடுவ. டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் நான் பொழைக்க மாட்டேன்னும்தான் சொன்னாரு." கிளெம் இருமிக்கொண்டே சிரித்தான். "என் சாவுக்கு ஊரே கூடி பியர் குடிச்சிருக்கு. எனக்கு ஒரு மடக்கு மிச்சம் வைக்கல, பாவிங்க."

மேவிஸும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது? ஊரார் அவசரப்பட்டு பியர்தான் குடித்தார்கள். அவள் செய்தது வேறு.

போன மாதம் ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்றிரவு தாண்டுவது கஷ்டம், உடனே வாருங்கள் என்றார்கள். கிளெமின் தங்கை பெரில் காரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தேனீங்களுக்குச் சொல்லிட்டு வந்துடு, மேவிஸ்."

"இன்னும் மூச்சு இருக்குன்னாங்களே, பெரில்."

"இருட்டிட்டா சொல்லக் கூடாது. ராத்திரியிலேயே அவன் போயிட்டா என்ன பண்ணுவ? எங்கப்பா செத்தப்ப சொல்லாம விட்டோம், மொத்தக் கூட்டமும் ஓடிப்போச்சு. அதுங்கன்னா அவனுக்கு உசுரு. போ, சீக்கிரம்!"

அந்த ஊரில் கல்யாணம் என்றால் பெட்டியடியில் ஒரு துண்டு கேக் வைத்துச் சொல்வார்கள். சாவு என்றால் கறுப்புத் துணி கட்டி, வீட்டுச் சாவியால் மூன்று முறை தட்டிச் சொல்வார்கள். தேனீக்களிடம் பொய் சொல்லும் வழக்கம் மட்டும் யாருக்கும் கிடையாது. மேவிஸ் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டினாள். "உங்க எஜமான் கிளெம் செத்துட்டான். இனி நான்தான் உங்க எஜமானி. போயிடாதீங்க."

முதல் பெட்டியிடம் முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். இரண்டாவதில் மகள் ஜோவின் நினைப்பு வந்தது. 'வித்துடும்மா, களஞ்சியத்தை லண்டன்காரங்க விடுமுறை வீடா மாத்திக்குவாங்க, நீ டவுன்ல சூடா ஒரு ஃபிளாட்ல இரு' என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவள். வாசலில் பஸ், சுவரில் ஹீட்டர், சேறு இல்லாத தரை. கிளெம் இருக்கும்வரை அது நடக்காது. கிராமத் திருவிழாவில் தேனுக்குப் பரிசு வாங்குவதும், கிரிக்கெட் மைதானத்து டீயும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடிப்பதும்தான் அவனுக்குச் சொர்க்கம். 'என்னை இங்கேருந்து எவனாலயும் தூக்க முடியாது' என்பான். அந்த ஃபிளாட்டை நினைத்ததும் மேவிஸின் குரல் தெளிந்துவிட்டது. கடைசிப் பெட்டியிடம் கணீரென்று சொன்னாள். அந்தத் தெளிவுதான் இப்போது அவளைத் தின்றது. நம்பும்படியாகச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

கிளெம் பிழைத்தான். அவன் வீட்டுக்கு வருவதற்குமுன் கறுப்புத் துணிகளை அவிழ்த்துக் கணப்பில் போட்டாள். ஆனால் போய்ச் சேதியை மாற்றிச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. என்னவென்று சொல்வது? அதற்கு அந்த ஊரில் வார்த்தையே இல்லை.

"மேவிஸ், அந்தத் துணியை நனைச்சுக் குடு. கண்ணு மறுபடி ஒட்டிக்கிட்டு வருது."

வெந்நீரில் நனைத்து அவன் இமைகளைத் துடைத்தாள். துணியில் பழுப்புக் கறை. நேற்றுக் காலையிலும் இப்படித்தான். முந்தாநாள் தலைமுடியில் சீப்பு இறங்கவில்லை.

"விரலும் மடங்க மாட்டேங்குது. வயசு. ஆனா இந்த வாசனை பாரு, என்ன சுகமா இருக்கு! ஜூன் மாசம் மாதிரி."

அப்போதுதான் அவள் பார்த்தாள். அவன் காதோரம் ஒரு தேனீ.

"அடிக்காத!" கிளெமுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "எஜமானைத் தேடிக்கிட்டு வந்திருக்கு. கொட்டவே இல்ல பாரு."

கொட்டத்தான் இல்லை. அது காது மடலின் விளிம்பிலேயே போவதும் வருவதுமாக இருந்தது. கொத்தனார் சுவர் பூசுவதுபோல ஒரே நிதானம். மேவிஸின் பார்வை தானாக ஜன்னல் விளிம்புக்குப் போனது. அங்கே அந்த எலி இருந்தது.

போன வசந்தத்தில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தது. கதகதப்புக்கு நுழைந்த எலியைத் தேனீக்கள் கொட்டிக் கொன்றுவிட்டன. வெளியே இழுத்துப் போட அவற்றுக்குப் பலமில்லை. அழுக விடவும் மனமில்லை. மூக்கிலிருந்து வால்வரை, ஒவ்வொரு மீசை முடியாக, பிசின் பூசி மூடிவிட்டன. கிளெம் அதைப் பப்புக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினான். 'சர்ச்சுல புதைச்ச பிரபுவைவிட இவன் நல்லா இருக்கான்டா! செத்தது தூக்க முடியாத கனமா இருந்தா அதுங்க இப்படித்தான் மரியாதை பண்ணும்.'

துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தோப்புக்கு. இதோ வந்துடறேன்."

"நான் நல்லா இருக்கேன்னு அதுங்ககிட்டச் சொல்லு!" என்றான் கிளெம், விளையாட்டாக.

கிறிஸ்துமஸ் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டாள். வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டாள். மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. உறைந்த புல் காலடியில் நொறுங்க, காய்ந்த ஆப்பிள் கிளைகள் தொப்பியைப் பிடித்து இழுக்க, பக்கத்து வயலில் ஆடுகள் ஒன்றுகூடக் கத்தாமல் அவளையே பார்த்துக்கொண்டு நிற்க, விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? முடிய வேண்டும். இன்றைக்கு முடிந்தே ஆக வேண்டும். இரண்டு மனதோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான் அவள், ஆனால் அங்கே கிளெம் கண்ணைத் திறந்து 'டீ இருக்கா?' என்று கேட்டபோது அழுத அழுகையில் பாவம் எதுவும் மிச்சமில்லை. அவன் வேண்டும் அவளுக்கு. சேற்றோடு, குளிரோடு, அந்த வாய்த்துடுக்கோடு வேண்டும்.

முதல் பெட்டியைச் சாவியால் தட்டினாள். "கிளெம் சாகல. நான் தப்பாச் சொல்லிட்டேன். உசுரோட இருக்கான். கேக்குதா?"

பதில் இல்லை. குளிர்காலத்தில் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு முனகலாவது வரும். காதை வைத்துக் கேட்டாள். மரத்தின் குளிர் மட்டும் கன்னத்தில் ஏறியது. அடுத்த பெட்டியைத் தட்டினாள். அதுவும் ஊமை. அதற்கடுத்ததும். மூடியை நெம்பித் திறந்தாள்.

ஒன்றுமில்லை. செத்த தேனீகூட இல்லை. தேன் அப்படியே இருந்தது. அடைகள் அப்படியே இருந்தன. துடைத்து வைத்தாற்போல் இருந்த சட்டங்களில் பிசின் மட்டும் ஒரு துளி மிச்சமில்லாமல் சுரண்டப்பட்டிருந்தது.

எல்லாம் காலி. எல்லாப் பெட்டியும்.

அப்போது அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. வரும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கணப்பில் காற்று இரைகிறது என்று நினைத்திருந்தாள். ஆழமாக, ஒரே சுருதியில், மூச்சு விடாமல். தோப்பிலிருந்து இல்லை.

வீட்டிலிருந்து.

கேக் கீழே விழுந்தது. ஓடினாள். முன்கதவை இழுத்தாள். அசையவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே, மேலிருந்து கீழ்வரை, பழுப்புக் கோடு. இன்னும் ஈரம்.

"கிளெம்!"

ஜன்னல். கண்ணாடியைக் கையால் தேய்த்தாள். போகவில்லை. கறை உள்பக்கம் இருந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தெளிவு. அதில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

கணப்பின் வெளிச்சத்தில் நாற்காலி மினுங்கியது. கிளெமும் மினுங்கினான். கைகள் எங்கே முடிகின்றன, கைப்பிடி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. போர்வையின் மடிப்பு, கழுத்துச் சுருக்கம், எல்லாம் ஒரே வழுவழுப்பு. மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. உதடுகள் மூடியிருந்தன. அவன்மேல் தேனீக்கள் ஆயிரக்கணக்கில், கோபமில்லாமல், அவசரமில்லாமல், சர்ச்சில் நடப்பவர்களைப்போல அடக்கமாக நடந்துகொண்டிருந்தன.

இடது கண் மட்டும் திறந்திருந்தது.

அது அசைந்தது. அவளைப் பார்த்தது.

கண்ணாடியை உடைக்க வேண்டும் என்று தோன்றியது. கையில் இருந்தது சாவிதான். அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

இரைச்சல் நின்றது.

அத்தனை தேனீயும் இருந்த இடத்தில் நின்று அவள் பக்கம் திரும்பின. எஜமானி சாவியால் தட்டியிருக்கிறாள். ஏதோ சேதி.

"உசுரோட இருக்கான்" என்றாள் மேவிஸ். அன்று வந்த குரல் வரவில்லை. விக்கலும் நடுக்கமுமாக ஏதோ வந்தது. "உசுரோட... என் கிளெம்... இன்னும்..."

கேட்டன. பொறுமையாகக் கேட்டன.

கிளெமின் கண்ணில் நீர் கோத்து, இறங்க வழியில்லாமல் விளிம்பில் நின்றது. இரைச்சல் மறுபடி தொடங்கியது. நெற்றியிலிருந்து ஒரு தேனீ, காலிடுக்கில் பிசினோடு, அந்தக் கண்ணை நோக்கி நிதானமாக இறங்கி நடந்தது.