கண்ணாடிக் கூரை அறக்கட்டளை

நிலவுக் குடியிருப்பின் பதிவு அலுவலகத்தில் அன்று காலை மூன்றாவது பத்திரம் கண் விழித்தது. எழுந்து நின்று, தன்னை எழுதிய ரெஜினாவுக்கு வணக்கம் சொன்னது.

பூமியில் அறக்கட்டளைப் பத்திரம் வெறும் தாள். கொடுப்பவர் யார், சொத்து எது, யாருக்காக, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்கும். நிறைவேற்ற மட்டும் அறங்காவலர்கள் வேண்டும். அவர்கள் மறப்பார்கள், சண்டை போடுவார்கள். ஆகவே நிலவில் பத்திரத்தின் வாசகங்களையே ஓர் இயந்திர உடலில் ஏற்றிவிடுகிறார்கள். உயிர்ப்பத்திரம் என்று பெயர். எழுதியதை எழுதியபடி செய்யும்.

அன்று விழித்தது சுரங்கப் பங்குதாரர் மாசிலாமணியின் பத்திரம். அதற்கு ஒரே நோக்கம். குகைப் பள்ளியில் வெயில் படாமல் பிள்ளைகளின் எலும்பு மெலிந்துகொண்டிருந்தது. அவர் மகள் இன்பாவே ஊன்றுகோலோடுதான் நடந்தாள். குகையின் உச்சியைத் திறந்து, கேடான கதிர்களை வடிகட்டும் கண்ணாடிக் கூரை போட வேண்டும். அதற்குத் தன் சுரங்கப் பங்கு முழுவதையும் எழுதிக் கொடுத்தார். மைத்துனர்கள் பின்னால் கைவைத்துவிடாதபடி, யாராலும் திருத்த முடியாத பத்திரமாகவே கேட்டார்.

முந்தின நாள் கையெழுத்துக்கு முன் ரெஜினா தயங்கியிருந்தாள். “அண்ணே, கூரையிலயா ‘உபயம்’னு பேரு போடணும்? வாசல்ல ஒரு கல்லு வச்சுக்கலாமே.”

“வாசல் கல்ல யாரும்மா நின்னு படிக்கிறா? எந்த பெஞ்சுல உக்காந்தாலும் தெரியணும். அப்பா பேரு, தாத்தா பேரு, என் பட்டம், எல்லாம்.”

ரெஜினா எழுதினாள்.

திறப்பு விழாவன்று இன்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, வெயில் எங்கப்பா?”

உயிர்ப்பத்திரம் பணிவாகக் கை நீட்டியது. “அதோ, உங்கள் தந்தையின் பெயருக்குப் பின்னால்.”

கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி அது கணக்கிட்டு வரைந்த கறுப்பு எழுத்துகள் கூரையை அடைத்துக்கொண்டு நின்றன. இடுக்குகளில் சிந்திய வெளிச்சத்துக்குப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

“அழிச்சுத் தொலை!” என்று கத்தினார் மாசிலாமணி.

“திருத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா.”

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு ரெஜினாவிடம் ஓடினார். “இன்னொரு பத்திரம் எழுதும்மா. என் வீட்டை எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடம் பூரா வெயில் விளக்கு மாட்டணும்.”

“விளக்குல பேரு வேண்டாம்தானே அண்ணே?”

மாசிலாமணி இன்பாவின் கால்களைப் பார்த்தார்.

“சின்னதாப் போட்டாப் போதும்” என்றார்.