ஒரு சூதுபவளப் பரிசு

டிசம்பர் 24. காலை 11.52.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே, பிலோமினாள் டீச்சர் வீட்டு ஹாலில் கருத்தக்கண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

முதலில் யாரும் பயப்படவில்லை. கீழே விழுந்த மணியைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவருடைய வலது கை தரையைத் துழாவியது. பிறகு துழாவுவது நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது. சட்டை முழுக்க வேர்வை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"மணியில என்னமோ இருக்கு," என்றார் சூரியபிரகாஷ். "யாரும் உங்க மணியத் தொடாதீங்க."

மற்ற மூவரும் ஒரே நேரத்தில் கையை உதறினார்கள். மூன்று மணிகள் மொசைக் தரையில் உருண்டு ஓடின. குனிந்து எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அந்த ஐந்து பேரும் பழைய மணிகளைச் சேகரிப்பவர்கள். உழுத காட்டிலும் கண்மாய்க்கரையிலும் மழைக்குப் பின் தலைகாட்டும் கல்மணி, கண்ணாடிமணி, சங்குமணி இவைதான் அவர்களை ஒன்றுசேர்த்தன. பிலோமினாள் மிஷன் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். தனிஸ்லாஸ் அதே பள்ளியில் கிளார்க். சத்யப்ரியா கல்லூரி ஆசிரியை. சூரியபிரகாஷுக்குக் காளவாசலில் ராசிக்கல் கடை. கருத்தக்கண்ணன் நாகமலைக்கு மேற்கே நெல்லும் கடலையும் போடும் விவசாயி. ஐவரில் அவர் கண்தான் கூர்மை என்று மற்ற நால்வரும் ஒப்புக்கொள்வார்கள். கண் என்று சொல்வதுகூடத் தவறு. கல்லா கண்ணாடியா, பழசா புதுசா என்று தெரிய அவர் மணியை வாயில் போட்டு உருட்டிப் பார்ப்பார். நாக்கு பொய் சொல்லாது என்பார்.

வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டீச்சர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு மணியைப் பழுப்புத் தாளில் பொதிந்து, பெயர் எழுதாமல் குடிலுக்கு முன்னால் வைப்பார்கள். சீட்டில் வரும் எண்ணுக்குரிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மணியை நூலில் கோத்து மரத்தில் கட்டுவார்கள். போட்டோ எடுத்தபின் அவரவர் மணியை எடுத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் கருத்தக்கண்ணனுக்கு மூன்றாம் எண் வந்தது. உள்ளே கொண்டைக்கடலை அளவில் மண் படிந்த ஒரு சூதுபவள மணி, செந்நிறக் கல்லில் கடைந்தது. பிரித்ததுமே அது தான் கொண்டுவந்தது என்று தனிஸ்லாஸ் சொன்னார்.

மதியம் 12.20.

சூரியபிரகாஷின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்சீட்டில் தனிஸ்லாஸும் சத்யப்ரியாவும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோவில் பின்னாலேயே வந்தார். பரிசோதித்த டாக்டர், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்றார். அளவு குறைவுதான், ஆனால் வீரியம் அதிகம், சாயங்காலம் தாண்டினால்தான் எதையும் சொல்லமுடியும் என்றார்.

சேர்க்கைப் படிவத்தைச் சூரியபிரகாஷிடம் நீட்டினார்கள். அவர் அதைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தனிஸ்லாஸிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார்.

12.50.

இன்ஸ்பெக்டர் தமிழ்வாணி வந்தார். நாற்பத்தைந்து வயது, உயரம் குறைவு, குரலும் தணிவு. கூட ஏட்டு காளை. சூரியபிரகாஷ் தானாக முன்வந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே அந்தச் சூதுபவள மணி. விழுந்தவர் கைப்பக்கம் கிடந்ததாகவும், விரல் படாமல் தாளால் எடுத்துக் கவரில் போட்டதாகவும் சொன்னார். டாக்டருக்கு உதவும் என்று பத்திரப்படுத்தினாராம். தமிழ்வாணி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதற்குள் ஊரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கருத்தக்கண்ணனின் மைத்துனர் மகன் மருது, விஷ மணியைக் கொடுத்தது யார் என்று நேராகக் கேட்டான். யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரின் கண்ணும் தனிஸ்லாஸின் பக்கம் போனது. மருது அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். காளை இடையில் புகுந்து விலக்கவேண்டியிருந்தது.

நர்ஸுகளின் அறையில் தனிஸ்லாஸை உட்காரவைத்துக் கேட்டார் தமிழ்வாணி.

"அது உங்க பரிசுதானே?"

"ஆமா மேடம்."

"எங்க கிடைச்சது?"

"அவனியாபுரத்துக்குத் தெக்க, ஒரு கண்மாய்க்கரையில. ஆறு வருஷம் ஆச்சு. கழுவக்கூட இல்ல."

"யாருக்குப் போகும்னு தெரியுமா?"

"சீட்டு எடுத்தாத்தான் தெரியும்."

"அப்ப யாரு செத்தாலும் பரவாயில்லன்னு ஒருத்தர் நெனச்சிருக்கணும்."

தனிஸ்லாஸ் தன் கைகளைப் பார்த்தார். அந்த மணியைப் பொதிந்த கை தன் கைதான் என்பதையே அவர் சந்தேகப்படத் தொடங்கியிருந்தார். வீட்டில் மனைவி எலிக்கு மருந்து வைத்திருந்தாள். அது எப்படியாவது தாளில் பட்டிருக்குமோ என்று கேட்டார். தமிழ்வாணி அதைக் குறித்துக்கொண்டார்.

1.40.

சத்யப்ரியா ஆறாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் சிவந்துவிட்டன. தான் பிரித்த பொட்டலத்தில் பச்சை நிறக் கண்ணாடி மணி ஒன்று இருந்தது என்றும், அதைத் தொட்ட கையால் கேக்கை எடுத்துத் தின்றதாகவும், இப்போது நாக்கு மரத்ததுபோல் இருப்பதாகவும் சொன்னாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். அவள் நம்பவில்லை. மருந்து எதில் இருந்தது என்று தெரியும்வரை அவளால் தண்ணீர்கூடக் குடிக்கமுடியவில்லை.

தமிழ்வாணி ஜன்னலோரம் போய்க் கவரை வெளிச்சத்தில் பிடித்தார். சூதுபவளத்தின் மேல் கரம்பை மண் மாவுபோல் படிந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையின் வாயில் மட்டும் மண் கரைந்து, கல்லின் செம்மை ஒரு வளையமாகத் தெரிந்தது.

நான்கு பேரையும் கூப்பிட்டார்.

"அவரு இந்த மணிய வாயில போட்டத யாரு கண்ணால பாத்தது?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்போதும் போடுவாரே என்றார் டீச்சர். அதேதான் என்றாள் சத்யப்ரியா. இன்றைக்குப் பார்த்தது யார் என்று திரும்பவும் கேட்டார் தமிழ்வாணி. யாரும் இல்லை. எல்லாரும் குனிந்து தங்கள் மணியைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

2.10.

கருத்தக்கண்ணனின் மனைவி சோலையம்மாள் ஐ.சி.யூ. வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கொடுத்த அவருடைய சாமான்கள் மடியில் இருந்தன. செல்போன், பஸ் டிக்கெட், பூதக்கண்ணாடி, லேபிள்கூடப் பிரிக்காத ஒரு வெள்ளைப் பருத்தி நூல்கண்டு. தமிழ்வாணி நூல்கண்டைச் சுட்டி, இது எதற்கு என்று கேட்டார்.

"நைலானு பழைய மணியோட தொளைய அறுத்துப்புடும்னு சொல்வாரு. பருத்தியிலதான் கோப்பாரு. இது அவங்க எல்லாருக்கும் தெரியும். அங்க இருக்காதுன்னு நேத்தே வாங்கி வச்சாரு."

"ஆனா பிரிக்கவே இல்லையே அம்மா."

சோலையம்மாள் அப்போதுதான் லேபிளைப் பார்த்தாள். நூல்கண்டைத் தமிழ்வாணியிடம் கொடுத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

2.45.

நால்வரையும் டீச்சர் வீட்டு ஹாலுக்கே அழைத்துவந்தார்கள். காலையில் உருண்ட மணிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றைத் தாண்டி வர டீச்சருக்குக் கால் எழவில்லை. சொந்த வீட்டுக்குள் சுவரோரமாக ஒட்டி நடந்தார்.

மேஜையில் ஒரு எவர்சில்வர் தட்டு. கோப்பதற்காக டீச்சர் ஐந்து நைலான் துண்டுகளை வெட்டி வைத்திருந்தார். இப்போது தட்டில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. பக்கத்தில் பூட்டிய மரப்பெட்டி ஒன்று. அது என்ன என்று கேட்டார் தமிழ்வாணி.

குழுவின் பொதுச் சேகரிப்பு என்றார் டீச்சர். பத்து வருஷமாக ஐவரும் பொறுக்கிச் சேர்த்த இருநூற்றுச் சொச்சம் கல்மணிகள். இந்த வருஷம் சூரியபிரகாஷின் பொறுப்பில் இருந்தது. தை மாதம் ஒரு கண்காட்சிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு கருத்தக்கண்ணன் ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பட்டியல் போடுவதாக இருந்தார்.

சத்யப்ரியாவின் போனில் 11.44க்கு எடுத்த படம் ஒன்று இருந்தது. மேஜையைச் சுற்றி மற்ற நால்வரும் குனிந்திருக்கிறார்கள். கருத்தக்கண்ணனின் இடது உள்ளங்கையில் மணி. வலது கை உதட்டருகே.

"வாயில வைக்கப்போறாரு, பாருங்க," என்றார் சூரியபிரகாஷ், கண்ணை இடுக்கிக்கொண்டு.

தமிழ்வாணி படத்தைப் பெரிதாக்கினார். பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டு, எல்லாரையும் உட்காரச் சொன்னார். காளை வாசல் கதவைச் சாத்தினார். சாத்திய சத்தத்துக்கு சத்யப்ரியா உடம்பு தூக்கிப்போட்டது.

"காலையிலேருந்து எல்லாரும் மணியையே பாத்துக்கிட்டிருக்கோம்," என்றார் தமிழ்வாணி. "வாயில போட்டு உருட்டின மணி மேல மண்ணு எப்படி இருக்கும்? இந்த மணி அவரு வாய்க்குப் போகவே இல்ல. தொளை மட்டும்தான் நனைஞ்சிருக்கு. ஈரமா எதுவோ அதுக்குள்ள நுழைஞ்சிருக்கு."

நைலான் விறைப்பாக இருக்கும், தானே துளைக்குள் போகும். பருத்தி நூல் அப்படியில்லை. நுனியை உதட்டில் நனைத்து முறுக்கினால்தான் நுழையும். ஆறு வருஷமாகக் கழுவாத மணி, துளையெல்லாம் மண். ஒரு தடவையில் போயிருக்காது. அவர் திரும்பத் திரும்ப நூலை வாயில் வைத்து நனைத்திருக்கிறார். மருந்து இருந்தது நூலில். தட்டில் ஒரு நைலான் மிச்சம் இருப்பதும், அவர் கொண்டுவந்த நூல்கண்டு பிரிக்காமல் இருப்பதும் ஒன்றைத்தான் சொல்லின. தட்டில் யாரோ ஒரு பருத்தி நூலைத் தயாராக வைத்திருந்தார்கள். டீச்சர் வைத்தது என்று அவர் நினைத்தார். அவர் கொண்டுவந்தது என்று டீச்சர் நினைத்தார். அந்த நூலை இந்த ஹாலில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

"சீட்டுல யாருக்கு எது வரும்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்ல. எந்த மணி வந்தாலும் அவரு எடுக்கப்போறது அந்த நூலைத்தான். பழி, பரிசு கொண்டுவந்தவங்க மேல விழும்."

தனிஸ்லாஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

தமிழ்வாணி சூரியபிரகாஷின் பக்கம் திரும்பினார்.

"மணிய எடுத்தது நீங்கதான். அப்ப அதுல நூல் இருந்துச்சா?"

"இல்ல மேடம். வெறும் மணிதான் கிடந்துச்சு."

போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார் தமிழ்வாணி. உதட்டிலிருந்து உள்ளங்கை வரை, முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மணியைத் தாண்டி அரை விரற்கடை நீளம் வெளியே வந்திருந்தது.

"சரியாத் தெரியல," என்றார் சூரியபிரகாஷ்.

"கல்லு பாத்து விக்கிறவரு. ஆஸ்பத்திரியில படிவம் படிக்க முடியல. இப்ப படமும் தெரியல. மேல்பாக்கெட்டுல கண்ணாடிக் கூடு இருக்கு. ஏன் எடுத்துப் போட்டுக்கல?"

அவர் கை மேல்பாக்கெட் வரை போனது. அங்கேயே நின்றது.

"எடுங்க."

அவர் எடுக்கவில்லை. கூட்டை அவரால் திறக்கமுடியாது என்பது அப்போது அந்த ஹாலில் எல்லாருக்கும் புரிந்தது. மூன்று மணி நேரமாக அவர் தனியாக இருக்கவே இல்லை. காரில் இருவர், ஆஸ்பத்திரியில் கூட்டம், பிறகு காளை. எறிய ஓர் இடம் கிடைக்கவில்லை. காளை கையுறை மாட்டிக்கொண்டு கூட்டை எடுத்துத் திறந்தார். மூக்குக்கண்ணாடியின் அடியில், தாளில் சுருட்டிய ஒரு சாண் பருத்தி நூல் இருந்தது.

மரப்பெட்டியை ஏன் பூட்டியே வைத்திருந்தார் என்பதை அவரே சொன்னார். பழைய மணிகளை ஒவ்வொன்றாக வெளியூர் ஆளிடம் கைமாற்றிவிட்டு, வடக்கிலிருந்து வரவழைத்த புதுக்கல் மணிகளைப் போட்டு நிரப்பியிருந்தார். மற்ற மூவரையும் ஏமாற்றிவிடலாம். கருத்தக்கண்ணனின் நாக்கை ஏமாற்றமுடியாது.

"சாகணும்னு நெனைக்கல," என்றார். "ரெண்டு மாசம் படுத்தாப் போதும்னு நெனச்சேன்."

பத்து வருஷமாக அவருக்குத் தன் கையால் காப்பி கொடுத்த பிலோமினாள், நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

டிசம்பர் 27. காலை 9.15.

கருத்தக்கண்ணன் பிழைத்துக்கொண்டார். வாக்குமூலம் வாங்க வந்த தமிழ்வாணி வார்டு வாசலில் நின்றார். வெளியே பெஞ்சில் தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக வருகிறார், உள்ளே மட்டும் போகவில்லை என்றாள் நர்ஸ். தமிழ்வாணி அவரை எழுப்பிக் கூட அழைத்துப்போனார். கருத்தக்கண்ணன் அவரைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"ஒம்மேல ஒண்ணுமில்ல மாப்ள. நல்ல கல்லு அது. வாயில வச்சுப் பாக்கத்தான் குடுத்து வைக்கல."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. சிரிக்கக்கூடச் செய்தார். நர்ஸ் ஒரு டம்ளர் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். உதடு வரை கொண்டுபோனார். அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி தளும்பிப் போர்வையில் சிந்தியது.

காட்டில் கண்டெடுத்த கல், கடலை, மண் எல்லாவற்றையும் நாக்கில் வைத்தே அறிந்துகொண்ட மனிதர் அவர். இப்போது வாயைத் திறக்கவே அவரால் முடியவில்லை.

சோலையம்மாள் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். விழுங்கினாள். அவர் தன் முகத்தைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு டம்ளரை அவர் கையில் திரும்பக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

வாக்குமூலத்தை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தமிழ்வாணி நோட்டை மூடினார்.