துணைமுகம்

குடிநீக்க வார்டில் இப்போதெல்லாம் யாரும் அலறுவதில்லை. முன்பு, குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் பாம்பு, போர்வையில் கரப்பான் என்று நோயாளிகள் கட்டிலைவிட்டுக் குதிப்பார்கள். பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டும். துணைமுகக் கருவி வந்தபின் அந்தப் பாடு ஒழிந்தது. நெற்றியில் ஒரு பட்டை, அவ்வளவுதான். மூளை பாம்பை உருவாக்கத் தொடங்கும்போதே பட்டை அதைத் தடுத்து, அந்த இடத்தில் நோயாளிக்குப் பிரியமான ஒருவரின் முகத்தையும் குரலையும் வைத்துவிடும். வலிப்பைத் தடுக்க மருந்து உண்டு. கஞ்சி குடிக்கவைப்பதும் ஊசிக்குக் கையை நீட்டவைப்பதும் துணைமுகத்தின் வேலை.

யார் முகம் என்பதை நர்ஸ்தான் முடிவுசெய்ய வேண்டும். லாரி ஓட்டுநர் சுடலைமணியைச் சேர்த்த அன்று, நர்ஸ் பிலோமினா அவர் மனைவி பேச்சித்தாயிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வீட்ல யார் சொன்னா கேப்பாரு?"

"எம்மக ரேகா சொன்னா மட்டுந்தான் கேப்பாக" என்று பேச்சித்தாய் போனை நீட்டினாள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சிரித்துப் பேசும் வீடியோ. கருவிக்கு அது தாராளம்.

சுடலைமணி சமர்த்தாகத் தேறினார். வெறும் காற்றோடு பேசிச் சிரித்தபடியே கஞ்சி குடித்தார். வீட்டுக்குப் போகும் நாளில், "பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்று பிலோமினா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ரேகா மூளைக்காய்ச்சலில் இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் குடிக்கத் தொடங்கியதே அதன்பிறகுதான்.

பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்காத தன் வாயைப் பிலோமினா நொந்துகொண்டாள்.

மழைக்காலத்தில் சுடலைமணி மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கருவியில் ஏற்கெனவே பதிந்திருந்த ரேகாவே அப்போதும் அவரைத் தேற்றினாள். பொங்கல் கழித்து மறுபடியும் வந்தார். ஒவ்வொரு முறையும் நடுக்கம் கூடியது. குடித்து நிறுத்தி, குடித்து நிறுத்தி மூளை நொந்துபோயிருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் வலிப்பிலேயே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தச் சரக்கு அப்படி என்னதான் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கு?"

"அதை வாயில வைக்க முடியல சிஸ்டர். கொமட்டுது. கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஊத்துதேன்."

"பெறவு ஏன் குடிக்கிய?"

"குடிச்சாத்தான நிறுத்த முடியும்?" என்றார் சுடலைமணி. "நிறுத்தினாத்தான அவ வருவா?"

பிலோமினா எழுந்தாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரேகாவைக் கருவியிலிருந்து அழித்தாள். மருந்தை மட்டும் ஏற்றி, பழைய நர்ஸ்கள் செய்ததுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "இது ஆஸ்பத்திரி அண்ணாச்சி. நான் பிலோமினா. சுவத்துல ஒண்ணுமில்ல." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார், பிலோமினாவைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார், கையைக் கடித்தும் வைத்தார். தெளிந்த அன்று, "எம்மக போயிட்டா சிஸ்டர்" என்று, அன்றுதான் இழவு விழுந்ததுபோல அழுதார். அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அதன்பின் அவர் குடிக்கவில்லை. லாரியை மறுபடி எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது, தான் செய்தது சரிதான் என்று பிலோமினா நிம்மதியாக இருந்தாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் சுடலைமணி வார்டுக்குள் வந்தார். சலவைச் சட்டை, தெளிந்த கண். அவர் தோளில் சாய்ந்து, நிற்க முடியாமல் நடுங்கியபடி பேச்சித்தாய். அவள் மேலிருந்து சாராய நெடி அடித்தது.

"எப்ப பழகுனான்னே தெரியல சிஸ்டர். நான் லோடு ஏத்திட்டுப் போற நேரமா குடிச்சிருக்கா" என்றார் அவர். பேச்சித்தாய் அவரை டீ வாங்கிவர அனுப்பினாள். அவர் படியிறங்கும்வரை காத்திருந்தாள்.

"அவுக கட்டிலுக்குப் பக்கத்துலயேதான் இருந்தேன் சிஸ்டர். அவுக பேசுனதுதான் எனக்குக் கேட்டுச்சு. எம்மக என்ன சொல்லுதான்னு கேட்டா, அம்மா சாப்பிட்டாளான்னு கேக்கான்னாக." பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுகளுக்கு அத்தனை தடவை காட்டுனிய. பெத்தவளுக்கு ஒரு தடவை காட்ட மாட்டியளா?"

பிலோமினா பதில் சொல்லுமுன், பட்டை மாட்டத் தோதாக, பேச்சித்தாய் தன் நெற்றிப் பொட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.