புருவமெல்லாம் வெள்ளை

"ஆரம்பிச்சுட்டா மகாராணி! அடுப்புல பால் பொங்குது, இவளுக்குக் கம்ப்யூட்டர் கேக்குது!"

மாமியாரின் குரல் காலையிலேயே உச்சத்தில் இருந்தது. பாலை மருமகள் எப்போதோ இறக்கி வைத்துவிட்டாள். சொன்னால் மட்டும் காதில் ஏறிவிடப் போகிறதா என்ன!

அவள் கணவன் பதினாலு வருஷம் தன் அண்ணனின் பட்டறையில் சமையல் மேடைக் கல் அறுத்தவன். இப்போது நுரையீரல் முழுக்கக் கல் தூசி. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. ஆனால் வேலை மெதுவாகுமே! அதனால் அந்தப் பெரிய மனுஷன் குழாயை மூடியே வைத்திருந்தார். தம்பிக்கு ஏன் இந்த இருமல் என்று கேட்டவர்களிடம், "தம்பி திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கிறான்" என்று வாய் கூசாமல் சொன்னார். சிகரெட்டைக் கையால் தொடாதவனைப் பற்றி!

மாலை வகுப்பில் கற்ற வித்தையை வைத்து அவள் ஒரு வெப்சைட் செய்தாள். எந்த இருமலை அலட்சியம் செய்யக் கூடாது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டாள். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தொட்டால் பேசும் பட்டனும் வைத்தாள். பட்டறையின் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும், "எங்க அண்ணனைச் சந்தி சிரிக்க வெச்சுட்டியே..." என்ற கணவன், ஒரு மாதமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

அண்ணன் செருப்போடு உள்ளே வந்தார்.

"அந்தக் கண்றாவியை இப்பவே அழி! ஆபீசருங்க வந்து பட்டறையைப் பூட்டிட்டாங்க!"

"நான் உங்க பேரைப் போடலையே மாமா!"

போட்டது அவரேதான். போன வாரம் அந்த வெப்சைட்டின் அடியில், படிப்பவர்கள் கருத்து எழுதும் இடத்தில் போய், பட்டறைப் பெயரோடு, 'எங்களிடம் தூசியே கிடையாது' என்று எழுதி, ஆதாரத்துக்கு ஒரு போட்டோவும் ஒட்டியிருந்தார். தரையைக் கழுவி, ஆட்களுக்குப் புது மாஸ்க் மாட்டி, வரிசையாக நிற்க வைத்த போட்டோ. மாஸ்க்குக்கு மேலே ஒவ்வொருவர் புருவமும் மாவில் முக்கியெடுத்தது போல வெள்ளை! என்ன ஒரு மூளை! அதன் கீழே அந்த ஆட்களின் மனைவிமார் ஒவ்வொருவராக எழுதிவிட்டார்கள்: 'என் வீட்டுக்காரருக்கும் இதே இருமல்தான்.'

உள்ளறையிலிருந்து கணவன் சுவரைப் பிடித்தபடி வந்தான். கையில் போன். எல்லாவற்றையும் படித்திருந்தான்.

"டேய், உன் பொண்டாட்டி..."

"நான் எப்ப சிகரெட் பிடிச்சேன், அண்ணா?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். வாய் கிழியப் பேசுகிற அந்த அம்மா தரையைப் பார்த்தாள்.

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிரும்மா... உன்னைப் போய் நான்..." இருமல் அவனைப் பேச விடவில்லை. அவள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். ஒரு மாதத்து அழுகையும் அவன் தோளிலேயே கொட்டியது.

"பேசாதீங்க... மூச்சு வாங்குது..."

"என் போட்டோவையும் போடு," என்றான் அவன். "முகத்தை மறைக்காதே. எந்தப் பட்டறைன்னும் எழுது!"