பெல் அடித்தும் தணியாத பாட்டு

பாட்டு அலறிக்கொண்டிருந்தது...

பெரியவர் அலறவில்லை. அந்தக் கட்டத்தை அவர் எப்போதோ தாண்டியிருந்தார்!

சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தார். கீழுதட்டில் பல் பதிந்த காயம். காலடியில் ஒரு தலையணை. அதன் உறையில் எச்சிலும் ரத்தமும் கலந்து காய்ந்த கறை. பக்கத்து ஸ்டூலில் அவர் சளி துப்பும் கிண்ணம்... பாதி நிறைந்து! விளிம்பில் ஓர் ஈ சாவகாசமாகக் கால் தேய்த்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டு! முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க!"

"சொல்லிட்டேன் மேடம். கேக்க மாட்டேங்குது!"

"யார்கிட்ட சொன்னீங்க?"

ஏட்டு அலமாரியைக் காட்டினார். மேல் தட்டில் கவிழ்த்து வைத்த குவளை மாதிரி கறுப்பாக ஒன்று... ஸ்மார்ட் ஸ்பீக்கர்!

"ஏய், நிறுத்து!" என்று அதட்டினார் ஏட்டு.

அது அவரைச் சட்டை பண்ணவேயில்லை.

"பாருங்க மேடம். என் மச்சினன் கூட இதைவிட மரியாதை குடுப்பான்!"

"பாட்டை நிறுத்து..."

வாசற்படியிலிருந்து ஒரு பெண் குரல். ஸ்பீக்கருக்குப் பழகிய குரல் போலும்... சொன்ன மாத்திரத்தில் வீடு நிசப்தமானது.

பெரியவரின் மகள். அழுது சிவந்த கண்கள். மடிப்புக் கலையாத புடவை. கையில் கிருமிநாசினி பாட்டில். இரண்டு சொட்டு விட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நாற்றமெடுத்த அறையில் அவள் ஒருத்திதான் மணமாக இருந்தாள்.

"நீங்கதான் முதல்ல பாத்தீங்களா?"

"ஆமா மேடம். காலையிலேயே பல் டாக்டர்கிட்ட போயிட்டேன். அங்க ஒரே கூட்டம். இப்பதான் வந்து சாவி போட்டுத் திறந்தேன். அப்பா..." குரல் உடைந்தது.

"அப்பாவும் நீங்களும் மட்டுமா இருக்கீங்க?"

"ஆமா. அண்ணன் தனியா இருக்கான். நேத்து வந்து அப்பாகிட்ட கத்திட்டுப் போனான். 'நீ எப்பதான் சாவே'ன்னு கேட்டான் மேடம்! பெத்த அப்பாவை!"

"அந்த அண்ணன் எங்கே?"

"கீழேதான் நிக்கறான். இன்னிக்கும் வந்திருக்கான்!"

ஏட்டு போய்க் கூட்டி வந்தார். கூட்டி வரும் முன்பே வாடை வந்துவிட்டது!

புளித்த சாராயம். சிகரெட். பல நாள் துவைக்காத சட்டை. காலரில் கறுப்பாக அழுக்கு வரி. அப்பாவின் பிணத்தைப் பார்த்தான்; பார்த்துக்கொண்டே சுண்டு விரல் நகத்தால் பல்லைக் குத்தினான்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மதியம் இங்க வந்தியா?"

"வந்தேன்."

"எதுக்கு?"

"நேத்து கத்தினேன்ல... மனசு கேக்கலை. மன்னிப்புக் கேக்கலாம்னு."

"கேட்டியா?"

"எங்க கேக்கறது? பெல் அடிச்சேன், அடிச்சேன், விரல் தேய அடிச்சேன். உள்ள பாட்டு காதைக் கிழிக்குது. கிழவருக்குக் காது மந்தம். கேக்கலை, திறக்கலை. கீழே போய் ஒரு தம் போட்டுட்டு மறுபடி வந்து கதவைத் தட்டினேன். ம்ஹூம்!"

"பொய்!"

மகள்தான் கத்தினாள்.

"பொய் சொல்றான் மேடம்! பாட்டு சத்தத்துல கேக்கலைங்கற பேச்சுக்கே இந்த வீட்ல இடமில்லை!"

"ஏன்?"

"அப்பாவுக்குப் பாட்டை அலற விட்டாத்தான் கேக்கும். அதனால பெல் கேக்காது. யார் யாரோ வந்து திரும்பிப் போனாங்க. அதான் நானே உக்காந்து ஏற்பாடு பண்ணினேன். பெல்லையும் ஸ்பீக்கரையும் சேத்து விட்டுட்டேன். யாராவது பெல் அடிச்சா போதும்... பாட்டு தானா தணிஞ்சிடும். 'வாசலில் ஆள் வந்திருக்கிறார்'னு சத்தமா சொல்லும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பாட்டு மறுபடி ஏறும். அப்பா எழுந்து போய்த் திறப்பார்!"

"எப்பவுமே தணியுமா?"

"எப்பவுமே! அதை மாத்தணும்னா என் ஃபோன்லதான் மாத்தணும். வேற யாராலயும் முடியாது. அண்ணனுக்கு இந்த விஷயமே தெரியாது. அதான் மாட்டிக்கிட்டான்! இவன் பெல் அடிச்சிருக்கான், பாட்டு தணிஞ்சிருக்கு, அப்பா திறந்திருக்கார்... பாவி, தலையணையை எடுத்துட்டான்! போறப்போ கதவை இழுத்துவிட்டா தானா பூட்டிக்கும்."

அண்ணன் வாயைத் திறந்தான். மஞ்சள் பற்கள் தெரிந்தன.

"சோதிச்சுப் பாத்துடலாமே," என்றாள் இன்ஸ்பெக்டர். "பாட்டைப் போடுங்கம்மா."

மகள் ஒரு வார்த்தை சொன்னாள். பாட்டு வெடித்தது! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஈ கூட எழுந்து பறந்தது.

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வெளியே போய் பெல்லை அழுத்தினாள்.

சட்டென்று...

பாட்டு முணுமுணுப்பாகச் சுருங்கியது! தேன் தடவிய குரல் ஒன்று சொன்னது: "வாசலில் ஆள் வந்திருக்கிறார்!"

"கேட்டீங்களா மேடம்?" என்றாள் மகள்.

"கேட்டேன். ஏட்டு... விலங்கு!"

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா சத்தியமா தணியலைங்க! நான் அடிச்சப்போ தணியவே இல்லைங்க!" மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்தான். அதே கையால் இன்ஸ்பெக்டரின் காலைத் தொட வந்தான்.

"ச்சீ! தள்ளிப் போ!"

ஏட்டு விலங்கை மாட்டினார். மாட்டிவிட்டுத் தன் விரல்களை பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எதிர் வீட்டுக் கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு மூக்குக்கண்ணாடி.

"அட... மறுபடியும் வேலை செய்யுதா?"

கேட்டுவிட்டுக் கதவு டபாரென்று சாத்திக்கொண்டது!

இன்ஸ்பெக்டர் நின்றாள். ஏதோ ஒன்று மனதில் முள்ளாகக் குத்தியது.

மறுபடியுமா?

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "போலீஸ்! திறங்க!"

ஒல்லியாக ஓர் அம்மாள். இரண்டு காதிலும் பஞ்சு. முகத்தில் திருட்டு முழி.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"மறுபடியும் வேலை செய்யுதான்னு கேட்டீங்களே... எது?"

அம்மாள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "திட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன். சொல்லுங்க."

"எனக்கு ஒத்தைத் தலைவலிம்மா. அந்த மனுஷன் பாட்டுப் போட்டா மண்டைக்குள்ள உலக்கை இடிக்கும். சொல்லிப் பாத்தேன், கேக்கலை. ஒரு நாள் கூரியர்காரன் பெல் அடிச்சான்... பாட்டு தணிஞ்சுது! அட, இப்படி ஒரு வழியான்னு..."

"வழியா?"

"தாங்க முடியாதப்போ நைசா வந்து அவங்க பெல்லை ஒரு அமுக்கு அமுக்கிட்டு ஓடி வந்து கதவைச் சாத்திப்பேன். அவர் எழுந்து வந்து, ஆளைக் காணோம்னு திட்டிட்டுப் போறதுக்குள்ள எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஒரு வாய் காப்பியாவது குடிச்சுப்பேன்."

"மேடம்," என்றார் ஏட்டு மரியாதையோடு, "இந்த வயசுல இந்த அம்மா..."

"சும்மா இருங்க ஏட்டு. இன்னிக்கு அமுக்கினீங்களாம்மா?"

"மதியம். முதல் தடவை தணிஞ்சுது. அப்போ... உள்ள அவர் முனகற சத்தம். 'வேண்டாம்மா... விட்டுடும்மா'ன்னு கேட்டுது. தினம் மருந்து குடுக்கறப்போ இப்படித்தான் அடம் பிடிப்பார். அதான் பெருசா எடுத்துக்கலை. பாட்டு ஏறினதும் மறுபடி அமுக்கினேன். தணியலை! திரும்பத் திரும்ப அமுக்கினேன். சுத்தமா தணியலை! சரி, என் குட்டு வெளிப்பட்டுப் போச்சு, கழட்டி விட்டுட்டாங்கன்னு பயந்து உள்ள ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இந்தப் பையன் வந்தான். இவனும் அமுக்கு அமுக்குன்னு அமுக்கினான். அப்பவும் தணியலைம்மா. பாவம், 'அப்பா, நான் தப்பாப் பேசிட்டேன்'னு கதவுகிட்ட நின்னு அழுதுட்டுப் போச்சு."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினாள்.

பாட்டு மறுபடி ஏறி அலறிக்கொண்டிருந்தது. மகள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள்... தேய்த்தாள்... கிருமிநாசினி பாட்டில் காலியாகியிருந்தது, அவள் கவனிக்கவில்லை!

"உங்க ஃபோன்ல மட்டும்தான் மாத்த முடியும். இல்லையாம்மா?"

மகள் காலி பாட்டிலை மறுபடி உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"உள்ள கொலை நடக்குது. அலறல் வெளிய கேக்கக் கூடாதுன்னு பாட்டை உச்சத்துல விட்டாச்சு. யாரோ பெல் அடிக்கறாங்க, பாட்டு படுத்துடுது! அவசரமா ஃபோனை எடுத்து அந்த ஏற்பாட்டை நிறுத்தியாச்சு. வேலை முடிஞ்சு போய்ட்டு, திரும்பி வந்ததும் பழையபடி போட்டு வெச்சாச்சு... அண்ணனை மாட்டி விடறதுக்கு! அவன் அடிச்சப்போ பாட்டு ஏன் தணியலை? நீங்க தணிய விடலை!"

"பாட்டை நிறுத்து," என்றாள் மகள். ஸ்பீக்கர் அடங்கியது. அவள் முகத்திலிருந்து அழுகை கழன்று விழுந்திருந்தது.

"அந்தக் கிண்ணத்தைப் பாத்தீங்களா மேடம்? உங்களால ரெண்டு நிமிஷம் பாக்க முடியலை. மூக்கைப் பொத்திட்டீங்க. வருஷக்கணக்கா தினம் கழுவினது இந்தக் கை! எவ்வளவு தேய்ச்சாலும் அந்த வழுவழுப்பு போக மாட்டேங்குது! கழுவறது நான்... வீடு அவனுக்காம்! நேத்து கத்திட்டுப் போனவனுக்கு! இன்னிக்குக் காலையில சளியைத் துப்பிக்கிட்டே சொன்னார் மேடம். 'அவன் கஷ்டப்படறான், நீ பொம்பளை, அனுசரிச்சுக்கோ'ன்னு! சொல்லிட்டுக் கிண்ணத்தை என்கிட்ட நீட்டினார்..."

இன்ஸ்பெக்டருக்கு எதைப் பார்த்து முகம் சுளிப்பதென்றே தெரியவில்லை. கிண்ணத்தையா? தலையணையையா? சட்டையின் அழுக்கைப் பார்த்துக் கொலைகாரன் என்று முடிவு கட்டிய தன் மூக்கையா?

அண்ணனின் விலங்கைத் தானே கழற்றினாள். அவன் கை பிசுபிசுத்தது. ஏட்டைப் போல அவள் விரல்களைத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஏட்டு விலங்கை மகளுக்கு மாட்டினார். மணக்கும் கைகள்!

"ஐயோ, என்னையும் பிடிச்சுட்டுப் போவீங்களா?" எதிர் வீட்டு அம்மாள் நடுங்கினாள். "பெல்லை அமுக்கினதுக்கு?"

"உங்களுக்குச் சாட்சி வேலை இருக்கு. பஞ்சை எடுத்துட்டு வாங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

படியிறங்கும்போது ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"மேடம், அந்த ஸ்பீக்கரையும் எடுத்துக்கலாமா?"

"பத்திரமா எடுத்துட்டு வாங்க ஏட்டு. வாசல்ல ஆள் வந்தா குரலைத் தணிக்கணும்ங்கற மரியாதை, இந்தக் குடும்பத்துல அது ஒண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"